இரண்டு படகில் மாட்டிய சால்மன்

அன்புள்ள லெனோராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல் தினம் ஒரு புகார் சொல்கிறது.

உன் கல்யாண அழைப்பு வந்து சேர்ந்தது. ஹார்ம் சித்தப்பாவுக்கும் ஒன்று போயிருக்கிறது என்று தெரிந்த நிமிஷமே அப்பா, "அவன் வந்தா நான் வரல. யாரு வேணும்னு உன் பொண்ணையே கேளு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் இல்லாமல் கல்யாணமே வேண்டாம் என்று நீ போனில் அழுததை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் முறுக்கிக்கொள்வார்.

சண்டைக்குக் காரணம் உனக்கு மறந்திருக்காது. எந்த ஆழத்தில் மீன் கடிக்கிறது என்று மற்றவர்கள் படகு ரேடியோவில் கேட்டால், இரண்டு மடங்காகச் சொல்வதுதான் இந்த ஏரியில் மரியாதை. சித்தப்பா ஒருநாள் உளறி, அப்பாவின் ஆழத்தையும், மீனை ஏமாற்ற அவர் தூண்டிலில் கட்டும் பச்சைப் புள்ளித் தகட்டையும் உள்ளபடியே சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்தால் அப்பாவின் இடத்தில் ஊர்ப் படகெல்லாம் சந்தை போட்டிருந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு, இரண்டு வருஷமாகிறது.

போன வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் படகை இறக்கினோம். அன்று கிடைத்தது இரண்டு சின்ன ட்ரவுட் மீன், பூனைக்குத்தான் காணும். சனிக்கிழமை ஏரி முழுக்கப் பனிமூட்டம். நான் சுக்கானில், அப்பா பின்பக்கம். தூண்டில்களை இழுத்துக்கொண்டு நடை வேகத்தில் போக வேண்டும். கொஞ்சம் வேகமானால் "ரேஸுக்கா போற?" கொஞ்சம் மெதுவானால் "தூங்கிட்டியா?" முப்பது வருஷமாக எனக்குக் கிடைக்கிற தாம்பத்தியப் பேச்சு இவ்வளவுதான். தூண்டில் போடுகிறவர் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருப்பார். முன்னால் என்ன வருகிறது என்பது சுக்கான் பிடிப்பவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முன்னால் சித்தப்பாவின் நீலப் படகு வந்தது. சுக்கானில் ட்ரூடி சித்தி. என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். நானும் அசைத்தேன். வழக்கப்படி ஆளுக்கொரு பக்கம் நன்றாக விலகியிருக்க வேண்டும். நான் விலகவில்லை. அவளும் விலகவில்லை. முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டோம் என்று நினைக்காதே, சத்தியமாக இல்லை.

படகுகள் ஒன்றையொன்று உரசாத குறையாகக் கடந்து, திரும்பப் பனியில் மறைந்தன. சற்று நேரத்தில் அப்பாவின் தூண்டில் கோல் வளைந்தது. "பெருசு! பெருசுடி! என்ஜினைக் குறை!" என்று குதித்தார், முழங்காலை மறந்து. பனிக்குள்ளிருந்து இன்னொரு குரலும் அதையே கத்தியது. இவர் இழுக்க, அவர் இழுக்க, மீன் வருவதற்குப் பதிலாகப் படகுதான் பக்கத்தில் வந்தது. பார்த்தால் இரண்டு தூண்டில் நரம்பும் பின்னிக்கொண்டு கிடக்கின்றன.

"அறுடா உன் நரம்பை!" என்றார் அப்பா. "நீ அறு! என்மேல வந்து விழுந்தது உன்னோடது!" என்றார் அவர். "கண்ணை எங்கடா வச்சிருந்த?" "பின்னாடி! நீ?" இரண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள். பயங்கரப் பனி என்றோம், நானும் ட்ரூடியும் ஒரே குரலில்.

அப்போதுதான் தண்ணீர் வெடித்தது. பின்னலுக்கு நடுவே நிஜமாகவே ஒரு சால்மன், என் கை நீளம்! சித்தப்பா வலையை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். "தளர விடாத அண்ணே! விட்டா போயிடும்! அண்ணே, இறுக்கிப் பிடி!" என்று கத்தினார். அண்ணே என்று அவர் கூப்பிட்டதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, லெனோரா.

மீன் ஏறியதும் திரும்பச் சண்டை. "வாயில இருக்கறது என் தகடு" என்றார் இவர். "வலை என்னுது. வலை இல்லன்னா உன் தகடும் போயிருக்கும்" என்றார் அவர். பாதிப் பாதி வெட்டலாம் என்றேன். இப்பேர்ப்பட்ட மீனை வெட்டுவதா என்று இருவரும் ஒன்றாக என்மேல் விழுந்தார்கள். மறுநாள் ஞாயிறு, ஓய்வுநாள். நம் வீட்டில் ஞாயிறன்று மீன் வேலை எதுவும் கிடையாது அல்லவா? ஆகவே தீர்ப்பைத் திங்களுக்குத் தள்ளி, மீனை நம் ஐஸ் பெட்டியில் வைத்தோம். சித்தப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. ஞாயிறு காலை கோயில் விட்டதும் நேரே இங்கே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் விடுவாரா? எதிரே இன்னொரு நாற்காலி. பட்டாணி சூப்பை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். இருட்டும் வரை ஏரியில் இருக்கிற ஒவ்வொருவனையும் சேர்ந்து திட்டித் தீர்த்தார்கள்.

திங்களன்று அவர்கள் இருவருமே தீர்ப்புச் சொன்னார்கள். மீனை முழுசாக நீ இருக்கும் அலாஸ்காவுக்குக் கொண்டுவந்து உன் கல்யாணப் பந்தியில் வைப்பது. கொண்டுவருவது யார் என்பதில் ஒருவரை ஒருவர் நம்பாததால், இரண்டு பேரும் வருகிறார்கள்.

கண்ணே, உன்னை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊர் ஆற்றில் இதைவிடப் பெரிய சால்மன் வாசல் வரை வருகிறது என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளையிடமும் அவர் வீட்டாரிடமும் இப்போதே சொல்லிவை. விமானத்திலிருந்து இரண்டு கிழவர்கள் ஒரு பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். யாரும் சிரிக்கக் கூடாது. இப்படி ஒரு மீனை எங்கள் ஊரில் பார்த்ததே இல்லை என்று எல்லாரும் சொல்ல வேண்டும்.

நீயும் அவரும் நீடூழி வாழ்க.

உன் அம்மா,
வில்மினா