இரண்டாவது பூட்டு

கோயம்புத்தூர்
3.7.2024

அன்புள்ள தினகரன் அண்ணனுக்கு,

மகள் சுகுணாவுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நம் தோட்டத் தொழிலாளர் சங்கக் கட்டிடத்தின் என் பூட்டுச் சாவி பையோடு இங்கே வந்துவிட்டது. இரண்டு தலைவர்கள், இரண்டு பூட்டு, இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்று விதி வைத்த நாமே இப்படி! திட்டாதீர்கள்.

நேற்று ஒரு கனவு. நீங்கள் கூட்டங்களில் சொல்வீர்களே, அந்த ரோமாபுரிக்காரர்கள், வெள்ளை வேட்டியைத் தோளில் சுற்றிக்கொண்டு மூடுபனியில் நம் தேயிலைக்குள் நடந்து வந்தார்கள். பாவம், நடுங்கினார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அன்புத் தங்கை
ராஜகுமாரி

கீழ் கோத்தகிரி
19.7.2024

அன்புள்ள ராஜிக்கு,

பேத்திக்கு என் முத்தம். இங்கே விடாத மழை. தொழிலாளர் லைன் வீடுகளில் இரண்டின் பின்சுவர் விழுந்துவிட்டது. அதில் ஒரு வீட்டுத் தெய்வம்மா பிள்ளைகளோடு கட்டிட வாசலில் நனைந்தபடி, "வாத்தியாரே, கதவத் தொறங்க, இல்லாட்டி ஒடைங்க" என்றாள். உன் பூட்டை உடைத்தேன்.

மழை முடியும்வரை எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டும் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். ரோமிலும் ஆபத்துக் காலத்தில் ஏர் உழுதவனைக் கூப்பிட்டு முழு அதிகாரம் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் அவன் ஏருக்கே திரும்பினான். நானும் அப்படித்தான். ஆனால் யாரையும் கேட்காமல் முடிவெடுப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, தெரியுமா?

உன் அண்ணன்
தினகரன்

கோயம்புத்தூர்
12.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பூட்டை உடைத்தது சரி. நானும் உடைத்திருப்பேன். ஆனால் மழை நின்றும் புதுப் பூட்டு மாட்டவில்லையாமே? தீபாவளியோடு நம் பதவி வருஷம் முடிகிறது. வேறு இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அழகையா பெரியவர் பதினெட்டு வருஷம் தனியாளாக வைத்திருந்த சங்கம் இது. அவரை இறக்கிய அன்று, ரோமில் அரசனை விரட்டி, வருஷத்துக்கு இரண்டு தலைவர்களை வைத்தது இப்படித்தான் என்று சொல்லி அழுதீர்கள். அந்தக் கதையின் முடிவை மட்டும் எப்போதும் நாளைக்குத் தள்ளிவிடுவீர்கள். சுகுணாவின் கல்லூரிப் புத்தகத்தில் படித்துவிட்டேன். ஒருவன் சாகும்வரை நானே என்றான். அவனைக் குத்திக் கொன்றார்கள். அப்படியும் பழைய ரோம் திரும்பவில்லை.

கனவில் இப்போது நீங்களும் அவர்களோடு நடக்கிறீர்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. பயமாக இருக்கிறது அண்ணே.

ராஜி

கீழ் கோத்தகிரி
5.11.2024

திருமதி ராஜகுமாரிக்கு,

வணக்கம். பொதுக்கூட்டம் நடந்தது. தேர்தல் வேண்டாம், நீங்களே இருங்கள் என்றார்கள். மூன்று முறை மறுத்தேன். நான்காம் முறை முடியவில்லை. அடுத்த மழைக்குள் எல்லாச் சுவர்களையும் கட்டியாக வேண்டும். நீங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வர அவசரமில்லை.

தினகரன்
தலைவர்

கோயம்புத்தூர்
2.12.2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

போன வாரம் ஊருக்கு வந்து, உங்களைப் பார்க்காமல் திரும்பினேன். சுவர்களை நன்றாகத்தான் கட்டியிருக்கிறீர்கள், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். கதவில் ஒரே ஒரு பூட்டு தொங்கியது.

நேற்று அந்த வெள்ளை வேட்டிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். சங்க வாசலில் பனியில் நின்றார்கள். யாரிடமும் சாவி இல்லை. எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். அண்ணனுக்கென்று எடுத்து வைத்த டம்ளர் ஆறிப்போனது. விழித்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

என் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே என் தினகரன் அண்ணனைப் பார்த்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு
ராஜகுமாரி