நான்காவது கை

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். நானும் அம்மாவும் சௌக்கியம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இந்த வீட்டில் யார்தான் கேட்கிறார்கள்?

பேப்பரில் உங்கள் நாடகக் குழுவின் படம் வந்திருந்தது. ஓரத்தில் மைக்கோடு நிற்பது நீதான் என்று அம்மா அடித்துச் சொல்கிறாள். லிஃப்ட் கம்பெனியில் நடக்கிற கதையாமே? முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஓசியிலேயே சொல்லித் தந்திருப்பேன்.

வந்து பார்க்கட்டுமா? "கூப்பிட்டாளா உங்கள?" என்கிறாள் அம்மா. அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 11

அப்பாவுக்கு,

கதை தெரியாதது போல எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபிட்டர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து சாகிறார். பாதுகாப்பு பெல்ட் கொடுத்தோம், அவர்தான் போட்டுக்கொள்ளவில்லை என்று கம்பெனி ஒரு காகிதம் தயார் செய்கிறது. சூப்பர்வைசர் அதில் கையெழுத்துப் போடுகிறார். செத்தவர் அவருடைய சொந்த மருமகன்.

அந்த இடத்தில் நான் நாடகத்தை நிறுத்துவேன். பார்க்க வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். மேடைக்கு வந்து, சூப்பர்வைசர் இடத்தில் தாங்கள் இருந்தால் என்ன செய்வோம் என்று நடித்துக் காட்டலாம். எங்கள் நாடகங்கள் எல்லாமே இப்படித்தான்.

டிக்கெட் கிடையாது. நான் கூப்பிடவில்லை. வராதீர்கள் என்றும் சொல்லவில்லை.

மகள்


மார்ச் 20

பாப்பா,

வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மாறுவேஷம் என்று கண்ணாடியைக் கழற்றி வைத்ததில் முதல் அரை மணி நேரம் மேடையே தெரியவில்லை. அப்புறம் போட்டுக்கொண்டேன். போடாமலே இருந்திருக்கலாம்.

என் வேஷம் கட்டியவருக்குத் தலை நிறைய முடி. அந்த மட்டுக்கும் நன்றி.

ஆனால் மேனேஜரைத் தப்பாகக் காட்டிவிட்டீர்கள். உங்கள் ஆள் மேஜையைத் தட்டி, "போடுய்யா கையெழுத்த!" என்று கத்துகிறார். கத்துகிற ஆளிடம் மாட்டேன் என்று சொல்வது சுலபம். எங்கள் மேனேஜர் கத்தவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "அண்ணே, போனவர் போயிட்டார். கம்பெனிய மூடிட்டா மத்த இருபது பேர் கதி என்னண்ணே? நீங்களே சொல்லுங்க" என்றார். பேனா மூடியை அவரே கழற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அழுகிறாரே என்று என் கைக்குட்டையை வேறு கொடுத்தேன்.

மூன்று பேர் மேடை ஏறினார்கள். ஒரு டீச்சர், ஒரு பஸ் கண்டக்டர், ஒரு காலேஜ் பெண். மூவரும் மாட்டேன் என்றார்கள். கண்டக்டர் காகிதத்தைக் கிழித்தே போட்டார். ஒரே கைதட்டல். அப்புறம் நான் கை தூக்கினேன். நீ பார்த்தாய். "வேற யாரும் இல்லையே? சரி, முடிச்சுக்கலாம்" என்று மைக்கில் சொன்னாய். பக்கத்தில் இருந்தவர், "அம்மா, இங்க ஒரு பெரியவர் கை தூக்கிட்டு நிக்கிறார்!" என்று குரல் கொடுத்தார். அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

ஏன் பாப்பா?

அப்பா


மார்ச் 29

அப்பா,

பார்த்தேன். மேலே வந்திருந்தால் நீங்களும் மாட்டேன் என்றிருப்பீர்கள். எல்லோரும் தட்டியிருப்பார்கள். நானும் தட்டியாக வேண்டும், அது என் வேலை. என்னால் முடியவில்லை.

மேடையில் கிழிப்பது நாங்கள் தினமும் புதிதாக எழுதுகிற காகிதம். நீங்கள் கையெழுத்துப் போட்டது ஆறு வருஷமாகத் தொழிலாளர் அலுவலகத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பெயருக்கு எதிரே 'சொந்த அஜாக்கிரதை' என்றுதான் இன்றும் இருக்கிறது.

மேனேஜர் அழுதது எனக்குத் தெரியாது. நாடகத்தில் மாற்றிவிட்டோம். நேற்று மூன்று பேர் ஏறினார்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

மகள்


ஏப்ரல் 16

பாப்பா,

தொழிலாளர் அலுவலகத்துக்கு மூன்று நாள் நடையாக நடந்தேன். ஃபைலை முடித்துக் கட்டி ஐந்து வருஷம் ஆகிறதாம், இனித் திறக்க மாட்டார்களாம். "இப்ப எதுக்கு சார் இது? பொய் சொன்னேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா கேஸ் உங்க மேலதான் வரும்" என்றார் கிளார்க், அக்கறையாக. அக்கறையாகப் பேசுகிறவர்களிடம் மடங்கிப்போவது என் வழக்கம். இந்தத் தடவை எழுதிக் கொடுத்தேன். முத்திரை வாங்கிய நகல் இதனுடன் இருக்கிறது.

அதில் கடைசி இரண்டு வரி உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை அன்று காலை என்னிடம் பெல்ட் கேட்டார். "நாளைக்கு வந்துடும் மாப்பிள்ளை, இன்னைக்கு மட்டும் சமாளிங்க" என்று நான்தான் அவரைக் குழிக்குள் இறக்கினேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சாப்பாடு போடுகிறாள். பேசுவதில்லை. நீயும் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

ஒன்று மட்டும். நாடகத்தைக் கையெழுத்துப் போடும் இடத்தில் நிறுத்தாதே. அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவர் பெல்ட் கேட்கிற இடத்தில் நிறுத்து. யாராவது கை தூக்கட்டும்.

அப்பா