முதலில் அழ வேண்டியவள்

முதல் மாதம், 18

அன்புள்ள தங்கச்சி யாவ்மெய்க்கு,

நலமா? நூல் மில்லில் வேலை கடுமையா? இங்கே வாத்துகள் நலம்.

உன் அத்தானைப் புதைத்த பிறகு எனக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. அன்றைக்கு நீ அழுத அழுகைக்கு இரண்டு பெண்கள் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மரம் மாதிரி நின்றேன். "இதுல பொண்டாட்டி யாருடி?" என்று ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது. அழுவதற்குக்கூட உனக்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறது. சும்மா சொன்னேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தெங் வைத்தியர் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நினைத்து நினைத்து நெஞ்சில் மூச்சு முடிச்சு விழுந்துவிட்டதாம். "யார்மேலயாச்சும் கோபம் வருதா?" என்றார். "யார்மேலயும் இல்லீங்க" என்றேன். "பொறாமை?" என்றார். நீ அழுத கதையைச் சொல்லிவிட்டேன். உன் விலாசம் வாங்கிக்கொண்டார். டவுனில் நல்ல ஆரஞ்சுத் தோல் கிடைக்குமாம், மருந்துக்கு.

உன் அக்கா,
குய்ஜென்

முதல் மாதம், 28

குய்ஜென் அவர்களுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. வாத்து விற்க டவுனுக்கு வந்த போதெல்லாம் அவர் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவார். இரண்டு பேரும் சேர்ந்து நூடுல்ஸ் சாப்பிடுவோம். "அவ கைல எல்லாமே உப்புக் கரிக்குது" என்பார். உங்களுக்கு முன்னால் என்னைத்தான் பெண் கேட்டார். அழ உரிமை உள்ளவள் நான், அழுதேன். உங்களுக்கு அது இல்லை, அதனால்தான் அழுகை வரவில்லை.

யாவ்மெய்

இரண்டாம் மாதம், 5

அடியே யாவ்மெய்,

உன் கை வெந்து போக! உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பையன்தான் படித்துச் சொன்னான், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவன்தான். முக்காலியை எட்டி உதைத்தேன். கைக்குக் கிடைத்த கிண்ணத்தையெல்லாம் முற்றத்தில் போட்டு உடைத்தேன். உன்னையும் திட்டினேன், செத்துப் போனவரையும் திட்டினேன். தெருவே கூடிவிட்டது. அப்போதுதான் வந்தது அழுகை. சேவல் கூவும்வரை நிற்கவில்லை. விடிந்ததும் பசித்தது. இரண்டு கிண்ணம் சோறு தின்றேன், உடையாத கிண்ணம் தேடி.

கடிதத்தை வைத்தியரிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் சிரிக்கிறார்! "நெனப்புல கட்டிப் போனதைக் கோபந்தாம்மா அவுக்கும். நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார். செருப்பைக் கழற்றி எறிந்தேன். தப்பிவிட்டார்.

இப்போது நீ சொல். என்ன எழுத வேண்டும் என்றும் அவரே சொன்னாரா? நான் யாரோடு இத்தனை வருஷம் வாழ்ந்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

குய்ஜென்

இரண்டாம் மாதம், 13

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படுத்து என்று மட்டும்தான் வைத்தியர் எழுதியிருந்தார். மற்றதெல்லாம் நான் கட்டிய கதை. நூடுல்ஸ் ஒரே ஒரு தடவை, சந்தையில், மழைக்கு ஒதுங்கியபோது. அன்றைக்கும் அவர் உன் இருமலைப் பற்றியேதான் பேசினார். உன் சமையலைக் குறை சொன்னதே இல்லை. என்னைப் பெண் கேட்கவும் இல்லை.

ஆனால் அன்று அழுதது நடிப்பில்லை அக்கா. சின்ன வயதிலிருந்து எனக்கு அவர்மேல் ஆசை இருந்தது. அவருக்குத் தெரியாது. யாரிடமும் சொன்னதில்லை. இனி நீ கூப்பிடாமல் அந்தப் பக்கம் வரமாட்டேன்.

உன் தங்கச்சி,
யாவ்மெய்

இரண்டாம் மாதம், 20

தங்கச்சி,

பையனை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். ஒரு மழை நாளில் அவர் டவுனிலிருந்து வந்து "பசியில்ல" என்று படுத்துவிட்டார். நான் வைத்த சோறு ஆறிப் போனது. அந்த ஒரு வேளைச் சோற்றுக்காக உன்மேல் இன்னும் எரிகிறது. என்ன செய்ய?

வைத்தியர் மறுபடி நாடி பார்த்தார். "கோபம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு. அதுக்குத் துக்கந்தான் மருந்து, அழுது தீரு" என்றார். தனியாக அழுது பார்த்தேன். தீரவில்லை.

கல்லறை பெருக்கும் நாளுக்கு வா. செத்தவருக்குப் போய்ச் சேரும் காகிதக் காசை நான் கொளுத்துவேன். முதலில் நான்தான் அழுவேன். மூக்கைச் சிந்திவிட்டு உன்னைத் திரும்பிப் பார்ப்பேன். அதற்கப்புறம் நீ அழு.

அக்கா,
குய்ஜென்