பதினான்கு மாதம் தாமதமான படிவம்

அனுப்புநர்:
இரா. மாத்ருபூதம்,
பணி நிறைவு பெற்ற ஆசிரியர்,
மேலச் சித்திரை வீதி,
திருவரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
வெளிநாட்டினர் பதிவு அலுவலர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: என் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் மலேசியக் குடிமகள் திருமதி ராக்கம்மாள் 25.8.2025க்குள் நாட்டைவிட்டு வெளியேற உத்தரவு – தவறு வீட்டு உரிமையாளராகிய என்னுடையது – என்மீது நடவடிக்கை எடுத்து, அவரை இங்கே இருக்க அனுமதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 5.8.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என்மீது நானே கொடுக்கும் புகார். தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1. உறையூரில் பிறந்த திரு. நவநீதன், மலேசியாவில் இருபத்தேழு ஆண்டுகள் லாரி மெக்கானிக்காக வேலை பார்த்தவர். இந்தியக் குடிமகன். அவர் மனைவி ராக்கம்மாள், தைப்பிங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிள்ளைகள் இல்லை. 2024 ஜூன் மாதம் இருவரும் என் வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

2. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்று அந்த அம்மாள் என்னிடம், “சார், என் பாஸ்போர்ட் காப்பி வேணுங்களா? போலீஸ்ல ஏதும் எழுதிக் குடுக்கணுமா?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு, “உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீங்க நம்ம ஊரு மருமக” என்றேன். வெளிநாட்டவர் குடிவந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் படிவம் அளிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அவர் கேட்டபோதாவது விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை.

3. அவர் வெளிநாட்டவர் என்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆதார் இல்லை என்று கேஸ் இணைப்பு கொடுக்கவில்லை. என் சிலிண்டரைக் கொடுத்தேன். அவருடைய சிம் கார்டு என் மனைவி பிரேமலதாவின் பெயரில் இருக்கிறது. அம்மா மண்டபம் சாலையைக் கடக்கும்போது, வண்டிகள் தானாக நிற்கும் என்று நம்பி ஓரத்தில் காத்துக்கொண்டே இருப்பார். காலையில் என்னைப் பார்த்தால், சாப்பிட்டாயிற்றா என்பதை மலேசியப் பேச்சில் “பசியாறிட்டீங்களா சார்?” என்பார். பால் கடைக்காரர் மூக்கன் ஒருமுறை, “அக்கா, ஊருக்குப் புதுசா?” என்று கேட்டதற்கு, “பேரு ராக்கம்மா. இன்னும் எவ்ளோ பழசா வேணும் உனக்கு?” என்றார். கடையே சிரித்தது. அவர் அப்படிப் பேசிக் கேட்டு ஏழு மாதம் ஆகிறது.

4. கடந்த ஜனவரியில் நவநீதனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. விமானத்தில் ஏற்றக் கூடாது என்பது மருத்துவர் கருத்து (சான்று இணைப்பு 1). மனைவி கையால் கொடுத்தால் மட்டுமே விழுங்குகிறார். ஜூலையில் விசா நீட்டிப்புக்காக அந்த அம்மாள் ஐந்து மணி நேரம் வெளியே இருந்த அன்று, என் மனைவி கஞ்சி ஊட்டினார். அது புரையேறி, மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம்.

5. நான் அளிக்காத அந்தப் படிவம் இல்லாத காரணத்தால் விசா நீட்டிப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விதிப்படி தங்கள் அலுவலகம் செய்தது சரி. ஆனால் ஓர் உதாரணம் சொல்ல அனுமதியுங்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பு எடுத்தேன். ஒரு மாணவி தானே கேட்டுத் தேர்வுக் கட்டணம் கட்ட வந்தும், ஆசிரியர் அவள் பெயரை அனுப்ப மறந்துவிட்டால், தேர்வுக்கூடத்தை விட்டு யாரை வெளியே அனுப்புவது?

6. அந்த அம்மாள் என்னைக் குறை சொல்லவில்லை. சொன்னால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம். “விடுங்க சார், உங்களுக்கு என்ன தெரியும்” என்கிறார். பெட்டி கட்டியாகிவிட்டது. நவநீதனுக்கு எப்படி ஊட்டுவது என்று மூன்று நாளாக என் மனைவிக்குக் கற்றுக்கொடுக்கிறார். தலையை எவ்வளவு சாய்ப்பது, கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது, தொண்டை அசைந்த பிறகு எத்தனை எண்ணுவது என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அவர் அறையை விட்டு நகர்ந்தாலே நவநீதன் வாயை மூடிக்கொள்கிறார். ஒரு கரண்டிகூட இன்னும் என் மனைவி கையால் இறங்கவில்லை. இருபத்தைந்தாம் தேதிக்கு இன்னும் ஏழு நாள்.

7. எனவே, அபராதமோ வழக்கோ எதுவானாலும் என்மீது போடுங்கள்; மறுப்பின்றி ஏற்கிறேன். அந்த அம்மாளின் விண்ணப்பத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நாளாகும் என்றால், முடிவு தெரியும்வரை வெளியேறும் உத்தரவையாவது நிறுத்தி வைக்க மன்றாடுகிறேன்.

8. அன்று அளித்திருக்க வேண்டிய படிவத்தை இன்று நிரப்பி இணைத்துள்ளேன் (இணைப்பு 2). ‘எந்த நாட்டவர்’ என்ற கட்டத்தை மட்டும் எழுதாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். நேற்று மாலை அந்த அம்மாளே பேனாவை எடுத்து என் கையில் கொடுத்து, “எழுதுங்க சார்” என்றார். மலேசியா என்று எழுதிவிட்டேன். என் வீட்டில் ஒரு வெளிநாட்டவர் குடியிருக்கிறார் என்று இதன்மூலம் தெரிவிக்கிறேன். அவரை இருக்க விடுங்கள்.

இடம்: திருவரங்கம்
நாள்: 18.8.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
இரா. மாத்ருபூதம்