மூட்டை பேசக் கூடாது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அதில் நான் உட்கார்ந்துகொண்டு சுகம், அவர் படுத்துக்கொண்டு சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நடமாடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாளின் தலைப்பில் ஆஸ்பத்திரி என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பதறாதே, நர்ஸிடம் கேட்டு வாங்கிய தாள். கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறமும் பதற வேண்டும் என்று தோன்றினால் பதறிக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா போனில் பேசினாரே, தோட்டத்தில் கிழங்கு தோண்டிவிட்டுப் பேசுவதற்காக மேலே ஏறி வந்தேன், மூச்சு வாங்குகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று, அவர் பேசியது அடிவாரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. பின்னால் ஏதோ மணிச் சத்தம் கேட்குதே, மாடு வாங்கினீங்களாப்பா என்று நீ கேட்டாய். அது மருந்து தள்ளிக்கொண்டு வரும் வண்டி, ஒரு சக்கரம் ஆடிப்போய் பாட்டிலெல்லாம் ஒன்றோடு ஒன்று இடிக்கும். இவரோ, ஆமாம்மா, நல்ல மாடு, சாதுவான மாடு என்று கூசாமல் சொல்லிவிட்டார். இல்லாத மாட்டுக்கு இனி நான் எங்கே போய்ப் புல் தேடுவது. விஷயம் இதுதான், அவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகிவிட்டது, நல்லபடியாக ஆகிவிட்டது, டாக்டரே சிரித்துக்கொண்டு சொன்னார். உனக்குத் தெரிந்தால் லீவு போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறார். அதனால்தான் கடிதம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பெஞ்சு அப்படி.

முட்டி வலி போன வருஷமே வந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. நான் எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா, உன் அப்பா திடீரென்று இயற்கையை ரசிக்கத் தொடங்கினார். கல்யாணமாகி நான் இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து அந்த மனுஷன் மழை வருமா என்று பார்க்கத்தான் அண்ணாந்திருக்கிறாரே தவிர வேறு எதற்கும் தலையைத் தூக்கியதில்லை. இப்போது வீட்டிலிருந்து கிழங்குத் தோட்டத்துக்குப் போவதற்குள் நாலு இடத்தில் நிற்கிறார், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆகா, என்ன அழகு என்கிறார். நாலாவது இடத்தில் எதிரே இருப்பது நம் கோழிக்கூடு. அதைப் பார்த்தும் ஆகா என்றார். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை மேலே வரும் நர்ஸம்மாவை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் அழுத்திய அழுத்தில் இவர் போட்ட சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டு, டீச்சர் பாடத்தை நிறுத்தினாளாம். மழைக்கு முன்னாடி கீழ போய் ஆபரேஷன் பண்ணிக்கங்கய்யா, இல்லைன்னா அடுத்த வருஷம் படுத்த படுக்கைதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். மழை பிடித்துக்கொண்டால் நம் பாதை என்ன கதியாகும் என்று உனக்குத் தெரியும், ஓடை ஏறிவிட்டால் ஆடுகூட இறங்காது. இவருக்கு ஒன்றுமே இல்லை, வண்டி ஓடிட்டுத்தானே இருக்கு என்றார்.

அந்த முட்டியோடு நடந்து இறங்க முடியாது, நாற்காலியில்தான் போக வேண்டும். மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டும்போது நாற்காலி என்றால் என்ன என்று கேட்பார், நீயே சொல்லிவிடு. நம் ஊருக்கு ஜீப் வராது, பாலத்தடியோடு நின்றுவிடும், அங்கே வரைக்கும் நோயாளியை இரண்டு மூங்கிலில் கட்டிய நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், நினைவு தெரிந்த நாளிலிருந்து அதற்குத் தலைவர் உன் அப்பா. யாரை எங்கே நிறுத்துவது, எந்தத் திருப்பத்தில் தோள் மாற்றுவது எல்லாம் அவர் வைத்ததுதான். ஆளை ஏற்றுவதற்கு முன் தானே ஒரு தடவை உட்கார்ந்து இரண்டு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பார், முடிச்சு தாங்கினால்தான் மற்றவரை உட்கார விடுவார். இன்னொரு சட்டமும் போட்டு வைத்திருக்கிறார். நம் குண்டான கடைக்காரருக்குக் குடல்வால் வெடிக்கப் பார்த்த சமயம், பாதி வழியில் பயம் வந்து, வலி போயிடுச்சு, திருப்புங்க என்று அவர் கெஞ்ச, இரக்கப்பட்டுத் திருப்பிவிட்டார்கள். மறுபடி தூக்கிக்கொண்டு ஓடி, மயிரிழையில் பிழைத்தார். அன்றைக்கு உன் அப்பா சொன்னது ஊருக்கே மனப்பாடம். தரையில நிக்கிற வரைக்கும்தான் நீ மனுஷன், நாற்காலியைத் தூக்கிட்டா நீ மூட்டை, மூட்டை பேசக் கூடாது, பேசினாலும் யாரும் காதுல வாங்கக் கூடாது.

இத்தனை பேரை மூட்டையாக்கியவர், தான் மூட்டையாக மாட்டாராம். என் பிணத்தைத்தான் அதுல ஏத்தணும் என்றார். பிணம் நாற்காலியில் உட்காராது, சரிந்துவிடும் என்று சொன்னேன். அதோடு என்னிடமும் பேச்சை நிறுத்திவிட்டார்.

உனக்கு அப்போதே சொல்லியிருப்பேன், ஆனால் எங்கே நின்று சொல்வது. நீ போனபின் வந்த கூத்து இந்தச் சிக்னல் பாறை. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அந்த ஒரு பாறையில்தான் போன் எடுக்கும், அதுவும் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றால்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே அங்கே வரிசையில் நிற்கும், நீ எனக்குச் சொல்வது எல்லாருக்கும் சொல்வது. மாப்பிள்ளைக்குச் சளி என்று நீ சொன்ன அன்றைக்கு, பாறையிலிருந்து நான் வீடு வந்து சேர்வதற்குள் மூன்று பேர் வைத்தியம் சொல்லிவிட்டார்கள், அதில் இரண்டு பேருக்கே சளி. போன மாதம் நீ அப்பா எப்படிம்மா இருக்கார் என்று கேட்டபோது, நல்லா இருக்காரு, இப்பல்லாம் இயற்கையை ரசிக்கிறாரு என்றேன். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. அந்தப் பாறையில் மறைந்து அழ ஒரு சுவர் கிடையாது. எனக்கு அடுத்து நின்றவர் கடைக்காரர். தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு என்னோடு இறங்கி வந்தார். அக்கா, அண்ணன் போட்ட சட்டத்தை வச்சே அண்ணனை இறக்கிடலாம், நீங்க வயித்து வலின்னு படுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம் என்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை, எத்தனை வருஷத்து ஆசையோ.

மறுநாள் காலையில் படுத்தேன். எனக்கு நடிக்க வராது கண்ணு. முதலில் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முனகினேன், வெந்நீர் குடித்துவிட்டு மறந்துபோய் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். போச்சு, குட்டு வெளிப்பட்டது என்று நினைத்தால், உன் அப்பா முகம் வெளுத்துப்போய், வலி நகருது, நகர்ற வலி ஆபத்து என்று வெளியே ஓடினார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடினார். ஒரு இடத்திலும் இயற்கையை ரசிக்கவில்லை. திரும்பி வந்து என் காலில் சாக்ஸ் மாட்டிவிட்டார், அவசரத்தில் இரண்டையும் ஒரே காலில் மாட்டிவிட்டார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஜன்னலில் கடைக்காரர் தலை தெரிந்தது, கண்ணாலேயே மிரட்டினார், மறுபடி முனகினேன்.

வாசலில் நாற்காலி தயாராக இருந்தது. வழக்கம்போல எல்லா முடிச்சையும் இழுத்துப் பார்த்தார், உட்கார்ந்தார், ஒரு குலுக்கு, இரண்டாவது குலுக்கு, தூக்கிவிட்டார்கள். டேய், ஆளை மாத்தித் தூக்கிட்டீங்கடா, நோயாளி உள்ள இருக்கா என்று கத்தினார். நோயாளி எழுந்து, கட்டிலுக்கு அடியில் முதல் நாளே கட்டி வைத்த பையை எடுத்துக்கொண்டு, ஒரு காலில் இரண்டு சாக்ஸோடு வெளியே வந்து கதவைப் பூட்டினாள். என்னைப் பார்த்தார் பார், அந்தப் பார்வையை எழுத்தில் எழுத முடியாது. இறக்குங்கடா என்றார். கடைக்காரர் முன்னால் நடந்துகொண்டே, மூட்டை பேசுது, யாரும் காதுல வாங்காதீங்க என்றார். வாய்க்கு வந்தபடி திட்டினார் உன் அப்பா, நீ சின்னப் பிள்ளையில் கேட்டிராத வார்த்தையெல்லாம் வந்தது.

ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. தூக்கினவர்களில் ஒருத்தன் ஏணி, அதுதான் பக்கத்து வீட்டு நெட்டையன், உன் கல்யாணத்தில் பந்தல் கட்ட ஏணியே வேண்டாம் என்று நின்றானே, அவன். இறக்கத்தில் உயரமானவன் முன்னால் நின்றால்தான் நாற்காலி மட்டமாக இருக்கும். வழக்கமாக ஆளை நிறுத்துகிறவரே நாற்காலியில் இருந்ததால் அவசரத்தில் ஏணியைப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். செங்குத்தான படிக்கட்டு வந்ததும் உன் அப்பா முன்னால் சரிய ஆரம்பித்தார், கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஏணி முன்னால வா, ஏணி முன்னால வா என்று கதறுகிறார், ஒருத்தரும் திரும்பவில்லை, சட்டம் அப்படி. அவர் விழுந்தே போவார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவரேதான் வழி கண்டுபிடித்தார். ஏய், நீ சொல்லு, நீ மூட்டை இல்லையே என்றார் என்னிடம். நான் சொன்னேன், உடனே மாறி நின்றார்கள். அதிலிருந்து பாலம் வரைக்கும் அவர் என்னிடம் சொல்ல, நான் அவர்களிடம் சொல்ல, ஊரில் முதல் தடவையாக நாற்காலிக்குத் தலைவி நான்.

ஓடையைத் தாண்டினபின் சத்தத்தைக் காணோம். வலிக்கிறதா என்று கிட்டே போனேன். மெதுவாகக் கேட்டார், உன்னைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனப்பவும் இப்படித்தான் ஆடுச்சா என்று. இதைவிட ஆடியது, அன்றைக்கு மழை வேறு என்றேன். பயந்தியா என்றார். இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. பயந்தேன், நீங்க முன்னால தூக்கிட்டுப் போனீங்க, உங்க முதுகு தெரிஞ்சுது, அதையே பாத்துக்கிட்டு வந்தேன் என்று சொன்னேன். அப்புறம், நீ பின்னால வராதே, முன்னால போ, எனக்குத் தெரியற மாதிரி நட என்றார். பாலம் வரைக்கும் நான் முன்னால்தான் நடந்தேன், பையும் கையுமாக, திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று திரும்பவே இல்லை.

இப்போது கவலை வேறு. மழைக்காலம் முடிகிற வரைக்கும் மலை ஏறக் கூடாது, ஏறினால் போட்ட முட்டி போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் நாற்காலி இறங்குமே தவிர ஏறாது, அதுவும் இவர் போட்ட சட்டம்தான். இவரோ ஆஸ்பத்திரியில் விட்டதும் பாலத்தடி வரைக்கும் ஜீப்பில் போய், தடியை ஊன்றிக்கொண்டு ஏறிவிடுவேன் என்கிறார். உன் வீட்டுக்குப் போகலாம் என்றால், மகள் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பாரமாக இருப்பதா என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கிழங்கை ஏணி பார்த்துக்கொள்கிறான், கோழியை டீச்சர் பார்த்துக்கொள்கிறாள், ஊர் ஒன்றும் இவர் இல்லாமல் உருண்டுவிடவில்லை. சொன்னால் கேட்கிற ஆளா.

அதனால் நீ ஒன்று செய். அடுத்த வாரக் கடைசியில் விட்டுவிடுவார்கள். காரை எடுத்துக்கொண்டு வா, ஒரு பகல் முழுக்க ஓட்டம், வழியில் தூங்கி வழியாமல் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், வெறும் வயிற்றோடு கிளம்பாதே. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, பின் சீட்டு என்னமோ ஆடுதுப்பா, கொஞ்சம் உக்காந்து பாருங்க என்று கேள். அந்த மனுஷனால் உட்கார்ந்து பார்க்காமல் இருக்க முடியாது. இரண்டாவது குலுக்கில் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பு. அப்புறம் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே, மூட்டை பேசக் கூடாது. ஏதாவது கேட்க வேண்டும் என்றால் என்னிடம் சொல்லச் சொல்.

குளியலறைத் தரை வழுக்காமல் இருக்க ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிப் போடு. மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவை, இவர் வந்ததும் உங்கள் லிப்டில் ஏறி இரண்டு குலுக்குக் குலுக்குவார், பயப்பட வேண்டாம். போனில் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே, வேண்டுமானால் மாடு எப்படி இருக்கு என்று ஒரு தடவை கேள். நீயும் மாப்பிள்ளையும் கை கால் முட்டி எல்லாம் உறுதியாக நெடுநாள் சேர்ந்திருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் பெரிய கார்தான் வேண்டும், காலை மடக்கக் கூடாது.

இப்படிக்கு,
வயிற்று வலி முழுவதும் தீர்ந்துபோன
உன் அம்மா

மகளுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மா இதைப் பிளாஸ்க்குக்கு அடியில் வைத்துவிட்டு ரொட்டி வாங்கப் போயிருக்கிறாள். படித்துவிட்டேன், இந்தத் துண்டுத் தாளை அதன் மடிப்புக்குள் செருகிவிடுகிறேன். நான் படித்தது அவளுக்குத் தெரிய வேண்டாம், பாவம், கஷ்டப்பட்டு யோசித்திருக்கிறாள். மாடு நலம். அவள் சொன்னபடியே வந்து கேள், உட்கார்ந்து பார்க்கிறேன். பின் சீட்டே போதும். முன் சீட்டில் அவளை உட்காரவை, எனக்குத் தெரிகிற மாதிரி.