வாளிக்குப் போன புது மீன்

முசியே ஜோசப் ஆனந்த் அவர்களுக்கு,

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் எனக்கு இன்று டியூட்டி, வர எட்டு மணி ஆகும். போன வாரம் நீங்கள் வாங்கிவந்த புது மீனின் உடம்பெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. கல்லில் உரசிக்கொண்டே இருக்கிறது. ஒட்டுவாரொட்டியோ என்னவோ, பிடித்துத் தனி வாளியில் விட்டிருக்கிறேன். கடைக்காரர், “ரெண்டு வாரம் தனியா வைங்க” என்று படித்துப் படித்துச் சொன்னார். “மீன்தானே, ஒண்ணும் ஆவாது” என்று அன்றைக்கே தொட்டியில் கொட்டிய மகராசன் நீங்கள்.

போன மாதம் எனக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு விவரம் வந்ததோ. தனி அறை, தனித் தட்டு, தனிச் சோப்பு. காபியைக் கதவோரம் வைத்துவிட்டு ஓடினீர்கள்.

வாளியில் விட்ட வலையைத் தொட்டியில் விடாதீர்கள். மற்ற மீன்களுக்கும் புள்ளி வருகிறதா என்று பாருங்கள். இன்று மீன் குழம்பு வைக்க மனசு வரவில்லை, ரசம்தான்.

பெர்னதெத்

இன்னொன்று. வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் உட்காருங்கள். தனியாகக் கிடப்பது எப்படி இருக்கும் என்று சொல்ல அதற்கு வாயில்லை. எனக்கு வாய் இருந்தும் நான் சொல்லவில்லை.