பூஜ்ஜியம் காட்டிய பேட்ஜ்

திருப்பதி
8.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் கேட்டால் சிரித்தே சமாளித்துவிடுகிறீர்கள். அதனால் காகிதத்தில் கேட்கிறேன். சத்யவேட்டிலிருந்து திருப்பதி என்ன அவ்வளவு தூரமா? கடைசியாக நீங்கள் வந்தபோது வயிறே தெரியவில்லை. இப்போது ஆறாம் மாதம், உள்ளே உதைக்கிறது. ஓவர்டைம் என்றாலும் பெண்டாட்டியைப் பார்க்க ஒரு ஞாயிறுகூடவா கிடைக்காது? கோபம் இல்லை, பயமாக இருக்கிறது.

என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டீர்களே. எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் சாகும்போது காமா கதிர் வெடித்துக் கிளம்பும். சில வினாடிதான். அதற்குப் பிறகு எக்ஸ்-ரே வெளிச்சம் நாள்கணக்கில் மங்கிக்கொண்டே வரும். செயற்கைக்கோள் அதைப் பிடித்து அனுப்ப, அங்கே என்ன நடந்திருக்கும் என்று நான் கணக்குப் போடுகிறேன்.

போன வாரம் அசடு வழிந்தேன். வெளிச்சம் திடீரென்று பூஜ்ஜியமானதும், எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிட்டது என்று என் கைடு தாட்சாயணி மேடத்திடம் ஓடினேன். "அந்த நேரம் பூமி குறுக்கே வந்துடுச்சும்மா. சேட்டிலைட் பார்க்கவே இல்ல" என்றார்.

வாருங்கள் மாமா.

உங்கள்
ரோஹிணி


சத்யவேடு
13.7.2025

அன்பு ரோஹிணிக்கு,

நகரியிலிருந்து அம்மா போன் செய்து ஒரே புலம்பல். "புள்ளத்தாச்சிப் பொண்ணு எக்ஸ்-ரே வேலை செஞ்சிக்கினு கீது, நீ கேக்க மாட்டியாடா?" வானத்து எக்ஸ்-ரே உன் கம்ப்யூட்டருக்கு எண்ணாகத்தான் வருகிறது என்று சொல்லி அடக்கினேன்.

எனக்காகவும் பயப்படாதே. எக்ஸ்-ரே மெஷின் இரும்பு அறைக்குள்ளே, நான் வெளியே. வார்த்த சாமானில் விரிசல் இருக்கிறதா என்று திரையில் பார்ப்பதோடு சரி. கதவைத் திறந்தால் மெஷினே ஓடாது. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று சட்டையில் மாட்டும் பேட்ஜ் சொல்லிவிடும். முன்பெல்லாம் கொஞ்சமாவது காட்டும். ஆர்டர் இரட்டிப்பான இந்த மூன்று மாதத்தில் சுத்தமாகப் பூஜ்ஜியம். போதுமா?

கை கொஞ்சம் எரிகிறது, அதனால் எழுத்து கோணல். அடுத்த மாதம் பார்க்கலாம்.

உன்
தமிழ்வேந்தன்


திருப்பதி
17.7.2025

மாமா,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். வேலை இரட்டிப்பானால் எண் ஏற வேண்டும். பூஜ்ஜியத்துக்கு எப்படி இறங்கும்? அந்த பேட்ஜ் பார்க்கவே இல்லை. நீங்கள் இருந்த இடத்தில் அது இல்லை.

அதை எங்கே வைத்தீர்கள்? கை ஏன் எரிகிறது? சிரிக்காமல் எழுதுங்கள்.

ரோஹிணி


சத்யவேடு
21.7.2025

ரோஹிணி,

பேட்ஜ் ஆபீஸ் டிராயரில் இருந்தது. "ரீடிங் ஏறிச்சின்னா லைனை மூடிடுவாங்க, கழட்டி வச்சிட்டுப் போ" என்றார் சூப்பர்வைசர் கிரண்குமார். கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடுகிற மாதிரி ஸ்விட்சைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நிறுத்தினால் வேலை முடியாது. ஓடும்போதே கையை விட்டுச் சாமானைத் திருப்பினேன். விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிகிறது.

ஞாயிறு எல்லாம் எனக்கு லீவுதான். இரண்டு தடவை கிளம்பி, பாதி வழியில் புத்தூரில் இறங்கித் திரும்பிவிட்டேன். என் உடம்பில் ஏறியது உனக்கும் குழந்தைக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வேன்? வெடித்து முடிந்த பிறகும் நாள்கணக்கில் எக்ஸ்-ரே வரும் என்று நீயே எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கமே போகவில்லை.

தமிழ்வேந்தன்


திருப்பதி
24.7.2025

மாமா,

எத்தனை தடவை அடித்தாலும் போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

நட்சத்திரம் வேறு, மனிதன் வேறு. நான் எழுதியதை வைத்து நீங்கள் இப்படி நினைப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மெஷினின் எக்ஸ்-ரே பட்ட நொடியோடு சரி. உடம்பில் தங்காது, யாருக்கும் ஒட்டாது. அது செய்த காயம் மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது. அது எவ்வளவு ஆழம் என்று தெரியாமல்தான் செத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டரிடம் எக்ஸ்-ரே பட்டது என்றே சொல்ல வேண்டும். திருப்பதியில் மேடம் ஏற்பாடு செய்துவிட்டார். அந்தக் கம்பியைப் பற்றிக் கதிர் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் எழுதிவிட்டோம். வேலை போனால் போகட்டும்.

இனி அந்த அறைக்குள் போகாதீர்கள். இது கைக்கு வந்ததும் பஸ் ஏறுங்கள். நாளைக் காலையிலிருந்து நான் புத்தூர் பஸ் ஸ்டாண்டில், நீங்கள் இறங்கித் திரும்புகிற இடத்தில் நிற்பேன். எல்லார் எதிரிலும் உங்கள் கையை எடுத்து என் வயிற்றில் வைத்துக்கொள்வேன். இழுத்துக்கொள்ளக் கூடாது.

பயத்தோடு,
ரோஹிணி